ராட்டினத்துத் தகரப் படங்கள்: பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்

வேளாங்கண்ணித் திருவிழா, நாகூர் கந்தூரி, ஊர்த் தேர் என்று லாரியில் சுற்றும் குடைராட்டினத்துக்கும் மரணக் கிணற்றுக்கும் முகப்பில் தகரப் படங்கள் இருக்கும். மயில், புலிமேல் ராணி, பைக்கில் பறக்கும் மீசைக்காரர். எல்லாம் கையால் எனாமலில் எழுதியவை. நிறம் மங்கினால் மேலேயே இன்னொரு கோட் அடித்துவிடுவது வழக்கம். வெயிலைவிட அந்தக் கோட்தான் பல படங்களைத் தின்றிருக்கிறது.

முதலில் தகரத்தின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பூப்போட்டாற்போல் மின்னினால் ஜி.ஐ. ஷீட், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. எனாமலில் உள்ள எண்ணெய்ப் பிசின் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலமாகிவிடும். அதனால்தான் பெயின்ட் அப்பளம் போல அகலமாக உரிகிறது. பூ இல்லாத கறுப்புத் தகரம் என்றால் ஆணி ஓட்டையைச் சுற்றித் துரு கொப்புளிக்கும். இரண்டும் வேறு வேறு நோய்.

தூக்கி நிற்கும் செதில்களை ஒட்டாமல் துணியால் துடைத்தால் துணியோடு படமும் வந்துவிடும். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் எது தூக்கியிருக்கிறது என்று தெரியும். 100 மில்லி டொலுவீன் என்ற கரைப்பானில் 10 கிராம் பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினைக் கரைத்து, ஊசி சிரிஞ்சால் செதிலுக்கு அடியில் ஒரு சொட்டு விடுங்கள். அதற்கு முன் படத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துச் சோதிக்க வேண்டும்; நிறம் இளகினால் நிறுத்திவிடுங்கள். காய்ந்து விறைத்த செதிலை விரலால் அமுக்கினால் நொறுங்கும். டேபிள் விளக்குச் சூட்டில் கொஞ்சம் இளகவிட்டு, பாலியெஸ்டர் தாளை மேலே வைத்து அமுக்குங்கள்.

அழுக்குக்கு வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்), பஞ்சு சுற்றிய குச்சி, தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு குச்சி. (எச்சில் அதைவிட நன்றாக எடுக்கும், மியூசியங்களிலேயே செய்கிறார்கள்.) மண்ணெண்ணெய் வேண்டாம். பளபளப்பு ஒரு வாரம்தான், பிறகு அந்த எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பிக்கொள்ளும்.

கடலோரம் நின்ற தகரத்தில் துருவுக்குள் உப்பு இருக்கும். நனைத்த பஞ்சைத் துருமேல் ஐந்து நிமிடம் வைத்து, வாலை வடிநீரில் பிழிந்து, சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். பால் போலக் கலங்கினால் உப்பு. கலங்குவது நிற்கும் வரைக்கும் இப்படியே ஒற்றி எடுத்து, உடனே உலர்த்த வேண்டும். உப்பை விட்டுவிட்டு பிரைமர் அடித்தால் அடுத்த ஐப்பசி மழையில் அதே இடத்தில் கொப்புளம் வரும். போர்வெல் தண்ணீரில் கழுவினால் கேட்கவே வேண்டாம். டானிக் அமிலம் துருவைக் கறுப்பாக்கிக் கட்டிப்போடும். கடுக்காய் மை கறுப்பதும் இதனால்தான். ஆகவே முதுகில் மட்டும் தடவுங்கள். முகப்பில் லென்ஸ் வைத்துக்கொண்டு சர்ஜிக்கல் பிளேடால் சுரண்டுவதுதான்.

உப்புத்தாளை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலானது. பழைய மஞ்சளிலும் ஆரஞ்சிலும் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்; தேய்த்தால் அது தூசியாகி மூச்சில் போகும்.

நிறம் போன இடத்துக்கு மறுபடி எனாமல் வேண்டாம். பிறகு கழற்ற முடியாது. தூள் நிறமியைப் பாராலாய்டு பி-67 என்ற இன்னொரு அக்ரிலிக் பிசினில் குழைத்து, மினரல் டர்பன்டைன் விட்டு, இழந்த இடத்துக்குள் மட்டும் தொடுங்கள். நாளைக்குத் தப்பென்று பட்டால் டர்பன்டைன் பஞ்சு போதும். முற்றி இறுகிய பழைய எனாமல் அசையாது. சுற்றியுள்ள நிறத்தைவிட ஒரு படி வெளிறலாகவே நிறுத்துங்கள். சிற்பி கண்ணைக் கடைசியில் திறப்பார். இங்கே பலர் கண்ணில்தான் தொடங்குகிறார்கள். ராணி வேறு யாராகவோ ஆகிவிடுகிறாள். பழைய போட்டோ கிடைக்காவிட்டால் கண்ணை ஊகித்து வரையாதீர்கள்.

வேலையைத் தை முதல் பங்குனிக்குள் முடியுங்கள். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் சுற்றி வைத்தால் உள்ளே வியர்க்கும். பருத்தித் துணி போர்த்தி நிமிர்த்தி வையுங்கள். திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு திருகாணிக்கும் அடியில் நைலான் வாஷர் போடுங்கள், இல்லையென்றால் முதல் திருகலிலேயே ஓட்டையைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசளவு பெயின்ட் போய்விடும்.