எம்3 வி8: கன்ராட் பேரிங் மாற்றும் வேலைக் குறிப்பு

2007 முதல் 2013 வரை வந்த பிஎம்டபிள்யூ எம்3 (இ90, இ92, இ93) வண்டிகளில் இருப்பது எஸ்65 எஞ்சின். 3,999 சிசி, வி8, 8,300 ஆர்பிஎம்மில் 420 குதிரைத்திறன். பழைய வண்டியாக வாங்குகிறவர்கள் பெயின்ட், டயர், பிரேக் எல்லாம் பார்த்துப் பேரம் பேசுவார்கள். கன்ராட் (பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் ராட்) பேரிங்கை எப்போது மாற்றினார்கள் என்று கேட்பவர் குறைவு. மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவையும் வண்டி விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

கிராங்க் ஜர்னலின் (கிராங்க் ஷாஃப்டில் ராட் பிடித்திருக்கும் உருளைப் பகுதி) விட்டம் 52 மி.மீ. பொதுவான கணக்குப்படி அதற்கு 0.05 மி.மீ அளவுக்கு ஆயில் இடைவெளி வேண்டும். இந்த எஞ்சின்களை அளந்தவர்களுக்குக் கிடைத்தது சுமார் 0.03. அந்த இடுக்கில் 10டபிள்யூ-60 போன்ற கெட்டியான ஆயில் குளிர்ந்த நிலையில் ஓட வேண்டும். மேலே 8,400 வரை சுற்றும் எஞ்சின். எரிதலின் அடி நேராக விழுவதால் மேல் ஷெல்தான் (பேரிங்கின் மேல் பாதி) முதலில் தேயும்.

தேய்ந்த உலோகம் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஆயிலை லேபுக்கு அனுப்பி நிம்மதி அடைபவர்கள் உண்டு. முதலில் வந்த ஷெல்களில் (பார்ட் எண் 088, 089 என்று முடியும்) ஈயமும் செம்பும் இருப்பதால் ரிப்போர்ட்டில் ஏதாவது தெரியும். பின்னால் வந்த 702, 703 ஷெல்களில் ஈயமே இல்லை. தேய்ந்தாலும் ஈய அளவு ஏறாது. தவிர, அந்தச் சோதனை மிக நுண்ணிய துகள்களை மட்டுமே எண்ணும். பெரிய செதில்கள் ஃபில்டரில் தங்கிவிடும். ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஃபில்டர் காகிதத்தை வெட்டி, விரித்து, வெயிலில் பாருங்கள். பளபளப்பு தெரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். தட்டும் சத்தம் வரட்டும் என்று காத்திருப்பது வீண். சத்தம் வரும்போது கிராங்க்கும் போயிருக்கும்.

முதல் நாள் காலை. எஞ்சினை வெளியே எடுக்காமலே செய்யலாம். குறுக்குச் சட்டம் போட்டு எஞ்சினை மேலிருந்து தொங்கவிட்டு, மவுன்ட் போல்ட்களைக் கழற்றி, முன் சப்ஃப்ரேமை (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் சட்டம்) இறக்க வேண்டும். ஸ்டீயரிங் ஷாஃப்டைப் பிரிக்குமுன் பெயின்டால் குறி போட்டாயிற்று, ஸ்டீயரிங் வீலை நேராக வைத்துக் கட்டியாயிற்று. கட்டாமல் விட்டு யாராவது சுற்றிவிட்டால் உள்ளே இருக்கும் ஏர்பேக் சுருள் வயர் அறுந்துவிடும்.

ஆயிலை வடிக்க இரண்டு பிளக் உண்டு. ஒன்றை மட்டும் திறந்தால் பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே நின்றுவிடும். சாதாரண ஆயில் மாற்றத்திலும் பலர் செய்யும் தவறு இதுதான்.

மதியம் சம்ப் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) இறங்கியது. கிராங்க்கைக் கையால், முன் பக்கத்தில் இருந்து பார்க்க வலப்புறமாக மட்டும் சுற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டால் லேசாகச் சுற்றும். ஒரு கிராங்க் ஜர்னலுக்கு இரண்டு ராட் (1-5, 2-6, 3-7, 4-8). ஆக நான்கு நிலைகள், எட்டு ராட், பதினாறு ஷெல். ஒரு ராடை முழுதாக முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். கேப்கள் (ராடின் அடி மூடிகள்) ராடோடு ஒரே துண்டாகச் செய்து முறித்துப் பிரித்தவை. முறிந்த முகம் அதன் ஜோடியோடு மட்டுமே பொருந்தும்; இடம் மாறினாலோ திசை மாறினாலோ ராடைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்த முகத்தைத் துணியால் அழுத்தித் துடைக்கவும் கூடாது.

கழற்றிய ஷெல்களை எண் எழுதிய அட்டையில் வரிசையாக வையுங்கள். ஜர்னலின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் வேலை அங்கேயே நிற்கும். எஞ்சினை இறக்காமல் வழியில்லை.

இரண்டாம் நாள். ஷெல்லின் முதுகும் அது உட்காரும் இடமும் ஒரு சொட்டு ஆயில் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். ஜர்னலைத் தொடும் முகத்தில் மட்டும் அசெம்ப்ளி லூப் (பொருத்தும்போது தடவும் மசகு). இடைவெளியைச் சரிபார்க்க பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை) வைத்தால் அப்போது லூப் கூடாது, கிராங்க்கைத் துளியும் அசைக்கக் கூடாது. கம்பெனி போல்ட்கள் கோணம் வைத்து இறுக்கும் வகை, நீண்டுவிடும், ஒரே முறைதான். ஏஆர்பி என்ற வெளிக் கம்பெனியின் போல்ட் போட்டால் கூட வரும் தாளில் உள்ள அளவையும் அவர்களே தரும் கிரீஸையும் மட்டும் பயன்படுத்த வேண்டும். வேறு ஆயில் தடவி அதே டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) வைத்தால் இழுவிசை மாறிப்போகும்.

ஒவ்வொரு ராடும் முடிந்ததும் கிராங்க்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தாயிற்று. இறுக்கம் தெரிந்தால் உடனே திறந்துவிட வேண்டும்.

ஆயில் கொள்ளளவு 8.8 லிட்டர். இந்த எஞ்சினில் டிப்ஸ்டிக் கிடையாது. சூடான பிறகு மின்னணு அளவைத்தான் நம்ப வேண்டும். எனவே முதலில் 8.3 ஊற்றி, அளவு காட்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது நல்லது. ஃபில்டர் மூடியை இறுக்க 25 என்எம் (நியூட்டன் மீட்டர்) டார்க். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இக்னிஷன் காயில்களையும் பெட்ரோல் பம்ப்பையும் துண்டித்து, பத்து விநாடி சுற்றி, நிறுத்தி, ஆயில் விளக்கு அணையும்வரை திரும்பத் திரும்பச் செய்தாயிற்று. கடைசியாக வீல் அலைன்மென்ட். சப்ஃப்ரேம் இறங்கிய வண்டிக்கு இது கட்டாயம்.

அடுத்த வேலை த்ராட்டில் ஆக்சுவேட்டர்கள் (காற்று வழி அடைப்பான்களைத் திறந்து மூடும் மோட்டார்கள்). வி-யின் நடுவே, ஏர் பிளீனத்துக்கு (காற்றுப் பெட்டி) அடியில் இரண்டு இருக்கும், ஒவ்வொன்றும் நான்கு த்ராட்டில்களை இழுக்கும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்ததும் எஞ்சின் விளக்கு எரியும், வண்டி இழுக்காமல் முனகும். ஒன்று போனால் இரண்டையும் மாற்றுங்கள், உழைப்பு ஒன்றுதான். பிளீனத்தைத் தூக்கிய மறுகணம் எட்டுத் துளைகளிலும் துணியை அடைத்துவிடுங்கள். உள்ளே விழும் ஒரு ஸ்க்ரூ பேரிங் செலவை எல்லாம் சில்லறையாக்கிவிடும். மாட்டிய பிறகு ஸ்கேனரை இணைத்து அடாப்டேஷன் (புதுப் பாகத்தை எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் பழக்குவது) ஓட்ட வேண்டும்.

புது பேரிங்கில் ஓடிய ஆயிலை 1,000 கி.மீட்டரில் வடித்து, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பார்ப்பதுதான் மீதமுள்ள வேலை. அதுவரை ஆயில் சூடு 90 டிகிரியைத் தொடாமல் 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் போவதில்லை.