மாளவ அபினும் பம்பாய் பாஸும்

1835-ல் மத்திய இந்தியாவின் மாளவப் பகுதி அபினைப் பம்பாய்க்குக் கொண்டுவருவதற்கான அனுமதிச் சீட்டின், அதாவது பாஸின், கட்டணத்தைப் பெட்டிக்கு 175 ரூபாயிலிருந்து 125 ஆகக் கிழக்கிந்தியக் கம்பெனி குறைத்தது. இதைத் தாராளம் என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம்.

வங்காளத்தில் கம்பெனியின் பிடி வயலிலேயே தொடங்கிவிடும். முன்பணம் வாங்கிய விவசாயி அபின் பாலைக் கம்பெனிக்குத்தான் அளக்க வேண்டும். பாட்னா, காஜிப்பூர் ஆலைகளில் உருண்டை பிடித்து, பெட்டிக்கு 40 வீதம் அடுக்கி, கல்கத்தாவில் ஏலம் விடுவார்கள். மாளவத்தில் இது செல்லாது; அது ஹோல்கர், சிந்தியா போன்ற சமஸ்தானாதிபதிகளின் மண். கம்பெனியார் தடுத்துப் பார்த்தார்கள், தாங்களே கொள்முதல் செய்தும் பார்த்தார்கள். அப்படியும் சரக்கு பாலி, ஜெய்சல்மேர் வழியாகப் பாலைவனம் தாண்டிக் கராச்சிக்குப் போய், அங்கிருந்து கடல்வழியே போர்த்துகீசியரின் டாமன் துறைமுகத்துக்கு வந்து, சீனாவுக்குக் கப்பலேறியது.

1830-ல் வந்த பாஸ் முறை இதற்குத்தான். கட்டணம் கட்டினால் நேர்வழியில் பம்பாய் வரலாம். ஆனால் அந்தக் கட்டணம் கராச்சிச் சுற்றுவழியின் கூடுதல் செலவுக்குள் அடங்க வேண்டும். மீறினால் ஒட்டகங்கள் மேற்கே திரும்பிவிடும். 125 ரூபாய் டாமனோடு போட்ட போட்டி விலை. 1843-ல் ஆங்கிலேயத் தளபதி நேப்பியர் சிந்து நாட்டைப் பிடித்ததும் கராச்சி வழி அடைபட்டது. கட்டணம் அதே ஆண்டு 200, 1845-ல் 300, 1847-ல் 400. சரக்கில் ஒரு மாற்றமும் இல்லை, வழிதான் மூடியது.

கட்டணம் மதிப்பின்மேல் அல்ல, பெட்டியின்மேல். அதனால் எடை முக்கியம்: பெட்டிக்குச் சுமார் 140 ராத்தல் (பவுண்டு). மட்டச் சரக்குக்கும் உயர்ந்த சரக்குக்கும் ஒரே தொகை என்பதால் மட்டச் சரக்கை அனுப்புகிறவருக்கு அடி அதிகம். ஈரத்துக்கும் வரி கட்டியாக வேண்டும். வங்காள ஏற்றுமதி அபினில் கால்பங்கு ஈரம்; மாளவத்தது அதைவிட நன்றாக உலர்ந்தது, ஆகவே இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தியது. தரத்துக்கு அரசு பொறுப்பேற்கவில்லை. வங்காளப் பெட்டிக்குக் கம்பெனி முத்திரையே உத்தரவாதம்; இங்கே வியாபாரியின் பெயர் மட்டும்தான், கலப்படப் பேச்சும் ஓயவில்லை.

சந்தை விழுந்தாலும் பெட்டிக்கான தொகை குறையாது, நட்டம் வியாபாரிக்கு. அரசுக்கு இது வசதிதான், பெட்டிகளின் எண்ணிக்கை குறையாதவரை. 1861-ல் 700 வரை ஏற்றியவர்கள் அடுத்த ஆண்டே 600-க்கு இறங்கினார்கள்.