ரங்கூன் மழை, ஜூலை 2019

ஜூலை 8
பாப்பாவுக்கு இரவு 103. மழை விடவில்லை.

ஜூலை 9
கூட வளர்ந்த சிநேகிதன், குடியுரிமை அட்டை கொடுக்கும் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டான், சொட்டச் சொட்ட. மகளுக்கு மலேசியாவில் வேலையாம். பாஸ்போர்ட் எடுக்க முழுக் குடியுரிமைக்கான ரோஸ் அட்டை வேண்டும், ரோஸ் அட்டைக்குத் தாத்தா காலத்துக் காகிதம் வேண்டும். மடியிலிருந்து அவன் அப்பாவின் மூன்று மடிப்பு அட்டையை, அந்தப் பழைய அடையாள அட்டையை, எடுத்து என் மேசையில் விரித்தான். நடுமடிப்பைக் கரையான் தின்றிருக்கிறது. அதில் இருப்பது தமிழ்ப் பெயர். வீட்டு ஆட்களைப் பதியும் 66/6 படிவக் குடும்பப் பட்டியலில் பர்மியப் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று எனக்குத் தெரியாதா? அவர் சுட்ட தோசையைத் தின்று வளர்ந்தவன் நான். தோசையைச் சாட்சியாக எழுத முடியுமா! "என் மனுவை மனுக்கட்டின் மேலே வைத்துவிடுடா, அது போதும்" என்கிறான். போதுமாம்.

ஜூலை 10
டெங்குதான். பிளேட்லெட் 92,000. ஒன்றரை லட்சத்துக்குக் குறையக்கூடாதாம்.
சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் பூச்சாடியில் புழுக்கள் நெளிகின்றன. கடைசியாக யார் தண்ணீர் மாற்றினோம்?

ஜூலை 11
காய்ச்சல் இறங்கிவிட்டது. இவள் சந்தோஷமாகக் கஞ்சி வைத்தாள். காய்ச்சல் இறங்குகிற நாள்தான் பயப்பட வேண்டிய நாள் என்று டாக்டர் சொன்னதை நான் இவளிடம் சொல்லவில்லை. மாலையில் வயிற்றுவலி, நாலு தடவை வாந்தி, உள்ளங்கால் சில்லென்று இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம்.

ஜூலை 12
41,000. நான் இந்த எண்ணையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். டாக்டரோ ரத்தம் கெட்டிப்படுகிறதா என்றுதான் பார்க்கிறார்.
வாசலில் அவன், பப்பாளி இலைக் கட்டோடு. மனுக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் போனதும், உள்ளே கவர் கிவர் வைத்திருக்கிறானோ என்று இலை இலையாக உதறிப் பார்த்தேன். எறும்புகள்தான் இருந்தன. சீ, என்ன பிழைப்பு. வாந்தி எடுக்கிற பிள்ளைக்குக் கசப்புச் சாறெல்லாம் வேண்டாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள்.

ஜூலை 13
29,000.

ஜூலை 14
சிறுநீர் நன்றாகப் போனாள். ஒரு குவளை மூத்திரத்துக்காகக் கணவனும் மனைவியும் கையைப் பிடித்துக்கொண்டு அழுவோம் என்று யார் நினைத்தார்கள்? 37,000.
அந்தப் பூச்சாடி. போன மாதமே மாற்றியிருக்க வேண்டும்.

ஜூலை 15
அரை நாள் அலுவலகம். நாளை வாசோ பௌர்ணமி, வெள்ளிக்கிழமை தியாகிகள் தினம், இரண்டும் விடுமுறை. வாரத்தில் மிஞ்சுவதே இரண்டு நாள். அவன் மனுவை மனுக்கட்டின் மேலே வைத்துவிட்டேன். அதன் அடியில் பதினொரு மனுக்கள். அதுவரை மேலே இருந்தது, ஏப்ரல் திஞ்சான் பண்டிகையிலிருந்து இடுப்பில் குழந்தையோடு வந்துபோகும் ஒரு பெண்ணுடையது. இன்றும் வந்திருந்தாள். குழந்தை அவள் தோளில் துவண்டு கிடந்தது. தூக்கமா, காய்ச்சலா என்று கேட்க வாய் வரவில்லை. தலையைக் குனிந்து எழுதுவதுபோல் இருந்தேன்.
இரண்டு பெயரும் ஒருவரே என்று பெரியவர்கள் இருவர் கையெழுத்து வேண்டுமாம். அவன் அப்பாவைத் தெரிந்த பெரியவர்களில் யார் இருக்கிறார்கள் இப்போது?

ஜூலை 17
66,000. ஆரஞ்சு கேட்டாள், மூன்று சுளை தின்றாள்.
அவன் இரண்டு முறை போன் செய்தான். எடுக்கவில்லை.