புளித்துத் திரும்பிய பன்னிரண்டு முட்டிகள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கறக்கும் எருமைப்பாலை முட்டி எனும் மண்பானையில் உறையவைத்து, முட்டித் தயிராகக் கொழும்புக்கு அனுப்பினால் நட்டப்பட வழியே இல்லை என்றுதான் நான் நம்பியிருந்தேன். மட்டக்களப்புத் தயிருக்கு யாரும் அறிமுகம் சொல்லத் தேவையில்லை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், கொக்கட்டிச்சோலைப் பாலை வைத்துக்கொண்டு வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்குக் காத்துநிற்க வேண்டிய நிலையும் இல்லை.

இரவு பஸ்ஸில் அனுப்பிய முதல் பன்னிரண்டு முட்டிகளையும் கொழும்புக் கடையொன்றின் கொள்முதல் அதிகாரி ஏற்கவில்லை. "தம்பி, ஒரே புளிப்பு, கட்டியிருந்த தாளெல்லாம் நனைந்து கிடக்கிறது" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். மறுநாள் திரும்பி வந்த முட்டி ஒன்றைத் திறந்து சுவைத்த மாமி, "நல்லாத்தானே இருக்கு மனே, அவங்களுக்குத் தயிர் தெரியாது" என்றார். அந்த ஆறுதலை நம்பி இரண்டு மாதங்களை வீணாக்கினேன். நிராகரிப்பைவிட அதுவே எனக்கு அதிகச் செலவு வைத்தது.

அதிகாரி சொன்ன இரண்டு குறைகளையும் ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்த பிறகுதான் காரணம் புலப்பட்டது. தயிர் உறைந்துவிட்டது என்பதற்காக அதிலுள்ள பக்டீரியாக்கள் ஓய்ந்துவிடுவதில்லை. சூடு இருக்கும்வரை அவை இலக்றிக் அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மாலையில் உறைந்த தயிரைக் குளிரவைக்காமல் பஸ்ஸின் அடித்தட்டில் ஏற்றியதால் அது வழிநெடுகப் புளித்திருக்கிறது. குலுக்கலில் கட்டி உடைந்து நீரும் கக்கியிருக்கிறது. வீட்டில் ஆடாமல் அசையாமல் இருக்கும் முட்டியில், கசியும் நீரை மண்ணே உறிஞ்சிக்கொள்வதால் இந்தக் குறை எங்கள் கண்ணில் படவேயில்லை.

ஆயிரத்துச் சொச்சம் பேர் மறுத்த பிறகு வென்ற கோழிப்பொரியல்காரரின், அதாவது கே.எஃப்.சி. நிறுவனர் சாண்டர்ஸின், கதையைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் விரும்பிச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கையில்லை. பையில்லாத் தூசு உறிஞ்சும் இயந்திரத்துக்காக ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகளைச் செய்தார் என்பதே எனக்குப் பயன்பட்டது. அந்த எண்ணிக்கையைக் காட்டிலும், ஒரு தடவைக்கு ஒரு மாற்றத்தை மட்டும் செய்து பார்க்கும் அவருடைய முறைதான் காரியத்துக்கு உதவுவது. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எதில் பிழை என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே முதலில் உறைமோரின் அளவை மட்டும் குறைத்தேன். அடுத்த தடவை பாலை இன்னும் சற்று வற்றக் காய்ச்சினேன். அதற்கும் பிறகே, உறைந்த தயிரை ஓர் இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, குளிர் காக்கும் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் அடுக்கி அனுப்பினேன். இடையில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் வெட்கத்தை விட்டு, "என்ன குறை, ஐயா?" என்று நானே அழைத்துக் கேட்டேன்.

கடந்த மாதம் நான்கு முட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். புளிப்பைப் பற்றி அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. முட்டிக்கு முட்டி நிறை வேறுபடுகிறதாம். இந்த வாரம் ஒரு தராசு வாங்க வேண்டும்.