அடியில் விட்ட ஒன்பது அங்குலம்

சமாதிக் கல்லில் கடைசி வரிக்குக் கீழே நாலு அங்குலம் விட்டால் போதும். மழையில் தெறிக்கிற சேறு பெரும்பாலும் அதற்கு மேல் ஏறாது. இந்தக் கல்லில் ஒன்பது விட்டிருக்கிறேன். இறந்தவருடைய மகன் கேட்டபோது சேறு என்றுதான் சொன்னேன். பொய் இல்லை. நாலு அங்குலம் வரைக்கும் பொய் இல்லை.

"நைனா பேரு, செத்த தேதி. அவ்ளோதாண்ணா. வேஷம் கீஷம் எதுவும் வேணாம்."

ஆந்திராவில் இருக்கிற குப்பத்தைச் சுற்றி பாரதக் கூத்து வைக்கிற ஊர்களில் இறந்தவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் யோசிப்பார்கள். திரௌபதிக்காரர் என்றால் பாய் எடுத்துப் போடுவார்கள். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடமும் புஜகீர்த்தியும் ராஜா வேஷக்காரருக்கு. இவருக்குப் புடவையும் சவுரியும்தான். பாரதம் முடிகிற படுகளத்தன்று மண்ணில் பிடித்துக் கிடத்திய துரியோதனன் தொடையில் பீமன் அடித்ததும் இவர் கூந்தலை முடிவார். அந்த நேரத்தில் கும்பிடாத கை கிடையாது.

மகனுக்கு அது வேறு மாதிரி. "பள்ளிக்கூடத்துல என்னைய..." என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்தில் கூத்துக் குழுவான ஜமாவின் பழைய கட்டியக்காரர், கதை சொல்லிச் சிரிக்கவைக்கிறவர், நின்றிருந்தார். பாதிப் பணம் ஜமாவுடையது. மேடையில் வாய் ஓயாத மனுஷர், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் பேசியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? வாசகம் சொந்தக்காரருடையது, உளி மட்டும்தான் நம்முடையது. தொழிலில் இதுதான் வழக்கம், சரியான வழக்கமும்கூட. கல்லில் தப்பு விழுந்தால் அழிக்க முடியாது. முகம் முழுக்க நாலு மில்லி இழைத்து மறுபடி பாலிஷ் ஏற்ற வேண்டும், புதுக் கல்லுக்கு ஆகிற செலவு ஆகிவிடும். அதனால் கேட்டதைத் தவிர ஒரு புள்ளிகூடக் கூடுதலாகப் போடுவதில்லை.

இரண்டடிக்கு ஒன்றரை அடி, இரண்டு அங்குலக் கனம், கறுப்பு. குப்பம் பச்சை கிரானைட் நம் மண்ணுக் கல்தான், ஆனால் எழுத்து வெட்டினால் தளத்தோடு கலந்துவிடும். கறுப்பில் வெட்டிய இடம் சாம்பலாகத் தெரியும், பெயின்ட் போனாலும் படிக்கலாம். வாங்குமுன் சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். 'ணங்' என்றால் எடுக்கலாம், 'டொக்' என்றால் உள்ளே விரிசல். பேரப்பிள்ளைகள் படிப்பது தெலுங்கு மீடியம், அதனால் பெயர் இரண்டு லிபியிலும். ஸ்டிக்கர் ஒட்டி மணல் அடிக்கும்போது 'ண'வின் சுழிக்குள் இருக்கும் துணுக்குதான் முதலில் பிய்த்துக்கொண்டு பறக்கும். தெலுங்கில் அப்படிப்பட்ட துணுக்குகள் இன்னும் அதிகம். புள்ளியை எழுத்தின் தலைக்கு ஒட்டி வைத்தால் நடுவில் இருக்கிற கல் பெயர்ந்து இரண்டும் ஒன்றாகிவிடும். இதையெல்லாம் கையால் முடிப்பதுதான் நல்லது. நேரம்தான் மூன்று மடங்கு.

ஒரு மழைக்காலம் கழிந்துதான் நட்டோம். புதுக் குழி மண் ஒரு ஜாணாவது இறங்கும். குழிக்கு மேலேயே பீடம் கட்டினால் கல் சாயும், அதனால் தலைமாட்டில் வெட்டாத தரையில் கான்கிரீட் போட்டேன். நட்டு முடித்துத் தண்ணீர் ஊற்றும்போது கட்டியக்காரர் கேட்டார்.

"மேஸ்திரி, இது யார் கல்லு?"

படிக்கத் தெரிந்தவர்தான்.

அதற்குப் பிறகு எனக்கு நானே வாதாடிக்கொண்டிருக்கிறேன். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எமன் வேஷமும் சனீஸ்வரன் வேஷமும் கட்டியவர். 1922-இல் புதுச்சேரியில் இறந்தார், கருவடிக்குப்பத்தில் சமாதி. அங்கே எமன் என்று எழுதச் சொல்வோமா? வேஷத்தை அரிதாரத்தோடு கழுவிவிடுவதுதான் மரியாதை. ஆனால் அவர் எழுதிய நாடகங்களோடு அவர் பெயர் ஊர் ஊராகப் போனது. இவர் ஒரு வரியும் எழுதவில்லை. திருமலையில் தெலுங்குக் கவி தரிகொண்ட வெங்கமாம்பாவின் சமாதி இருக்கிறது, இறந்தது 1817. இளம் விதவை, தலை மழிக்க மறுத்தவர். ராத்திரி ஏகாந்த சேவையில் முத்து ஆரத்தி அவர் பெயரில் நடப்பதால் சமாதிப் பக்கமே போகாதவனுக்கும் பெயர் தெரியும். இவருக்கு அப்படி என்ன நடக்கிறது? வருஷா வருஷம் படுகளம் நடக்கும், அதில் வேறொருவர் கூந்தல் முடிவார்.

திருவையாற்றில் தியாகராஜர் சமாதி சிதைந்து கிடந்தபோது எடுத்துக் கட்டியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். சொந்த நகையை விற்றார். 1952-இல் இறந்ததும் எதிரிலேயே சமாதி வைத்தார்கள். பிள்ளைகள் செய்ய வேண்டும் என்று அங்கே யாரும் காத்திருக்கவில்லை. கலைக்காரர் சமாதியில் சொந்தக்காரர் யார்? தாசி குலத்துப் பெண்ணுக்கு அந்த உரிமையை யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். நான் ஐந்து அங்குலம் எடுத்துக்கொண்டேன், மகனிடம் சொல்லாமல். அது கட்டியக்காரருக்காகவா, இல்லை எனக்குத் தைரியம் இல்லாததற்கு ஒரு மறைப்பா? அன்றைக்கே மகனிடம், "தம்பி, சின்னதா ஒரு வரி போடலாமா?" என்று கேட்டிருக்கலாம். மாட்டேன் என்றிருப்பான். அப்போது நாலு அங்குலத்தில் நிறுத்தியிருப்பேனோ என்னவோ.

போன மாதம் கட்டியக்காரர் பட்டறைக்கு வந்தார். எழுத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். நட்ட கல்லில் வெட்டுவதென்றால் கைவேலை, உட்கார்ந்து தலைகீழாகக் குனிந்து செய்ய வேண்டும், கூடவே ஆகும் என்றேன். திரௌபதி எத்தனை எழுத்து என்றார். சொல்லுக்கு நாலு. ஆனால் 'ரௌ'வுக்கு முன்னால் கொம்பு, பின்னால் ஒரு சிறகு, அதனால் வெட்டுக்கு ஆறு என்றேன்.

ஆறுக்குப் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார். ரசீது போடவில்லை. மகனுடைய நம்பர் என் போனில் இருக்கிறது.