உமிக்கும் அரிசிக்கும் நடுவே

கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றையும் களத்தில் அடித்துத் தூற்றிவிட்டால் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். நேரே மாவு மில்லுக்குக் கொண்டுபோகலாம். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு அப்படியல்ல. இவற்றுக்கு நெல்லைப் போல உமி உண்டு. அதை நீக்கி அரிசியாக்கினால்தான் பானையில் ஏறும். சிறுதானியம் என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். களத்தில் வேலை செய்பவர்களுக்கோ உமியுள்ளதும் உமியற்றதும் இரண்டு வேறு உலகங்கள்.

மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் சோளம், கம்பு, கேழ்வரகு மூன்றும் இருக்கின்றன. உமியுள்ள ஐந்தும் இல்லை. நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளுக்கு 2023-இல் கேழ்வரகு வந்தது, சாமை வரவில்லை. உமி ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கொள்முதல் செய்த தானியத்தை அப்படியே மூட்டையில் கொடுக்க முடிகிற பயிருக்குத் திட்டம் போடுவது எளிது. நடுவில் ஓர் இயந்திரம் தேவைப்படும் பயிருக்கு அந்த இயந்திரம் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது.

கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று நிலத்துக்கும் மழைக்கும் ஏற்ற ரகங்கள் அங்கே இருந்தன. சில ரகங்கள் இன்றும் இருக்கின்றன. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மேலே ஏறியபோது சாமை நிலம் சுருங்கியது. பணப்பயிர் வந்தால் உணவுப்பயிர் போகும் என்பது எல்லோரும் சொல்லும் விளக்கம். அதில் பாதிதான் உண்மை. மரவள்ளியைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் பெண்களுக்கு வேறு வேலை இல்லை. சாமையை உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்திப் புடைக்க வேண்டும். பகல் முழுக்கக் காட்டில் வேலை செய்துவிட்டு வந்தவர் இரவில் உலக்கை பிடிக்க வேண்டும். ரேஷனில் அரிசி கிடைக்கத் தொடங்கியதும் அந்த உலக்கையைக் கீழே வைத்தவர்களைக் குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அந்த மலையில் விதை வங்கியோடு சேர்த்து உமி நீக்கும் இயந்திரத்தையும் கொண்டுபோனதற்குக் காரணம் இதுதான். விதையை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை என்று அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள்.

இயந்திரம் வைத்தால் போதும் என்று நினைத்துத் தொடங்கும் இடங்களில் முதல் பருவத்திலேயே சிக்கல் வந்துவிடும். சிக்கல் பெரும்பாலும் இயந்திரத்துக்கு முன்னாலேயே, களத்தில் தொடங்குகிறது. சாமையின் ஆயிரம் மணி 2 முதல் 3 கிராம்தான் இருக்கும். தார் ரோட்டில் போட்டு வண்டி ஏற்றி அடித்தால், மணியின் அளவிலேயே இருக்கும் பொடிக்கல்லும் சேர்ந்து வரும். சல்லடை அளவைத்தான் பார்க்கும். அதே அளவுள்ள கல்லை அதனால் பிரிக்க முடியாது. கல் நீக்கும் இயந்திரத்தை மில்காரர்கள் டீஸ்டோனர் என்பார்கள். அது எடையைப் பார்க்கும். சரிவான தட்டு அதிரும், கீழிருந்து காற்று அடிக்கும், லேசான தானியம் மிதந்து கீழே வழியும், கனமான கல் தட்டில் ஒட்டி மேலே ஏறும். காற்று குறைந்தால் தானியமும் கல்லோடு மேலே போய் வீணாகும். காற்று கூடினால் கல்லும் தானியத்தோடு கீழே வந்துவிடும். சரியாக வைத்த பிறகும் மூட்டையை மொத்தமாகக் கவிழ்த்தால் தட்டில் கனம் ஏறி எல்லாம் குழம்பும். ஒரே சீராக விழும்படி வாயைத் திறந்து வைப்பதுதான் பாதி வேலை. அதைவிட எளிய வழி, அறுவடைக்கு முன்பே வீட்டுக்கு ஒரு தார்ப்பாய் கொடுத்துவிடுவது. சாணம் மெழுகிய களத்தில் அடித்தால் கல் குறையும், மண்ணுருண்டை கூடும். அது கல்லைவிட லேசு என்பதால் டீஸ்டோனரிலும் முழுக்கப் போகாது. அரிசியைக் களையும்போதுதான் கரையும். தார்ப்பாயின் விலையும் இயந்திரத்தின் விலையும் ஒப்பிடவே முடியாத தூரத்தில் இருக்கின்றன. ஆனால் இயந்திரம் வாங்கப் பணம் கிடைக்கும் இடத்தில் தார்ப்பாய்க்குக் கிடைப்பதில்லை.

அடுத்தது ஈரம். உமி நீக்க 10 முதல் 12 சதவீத ஈரம் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் உமி நமத்து நெகிழும், உடையாமல் நசுங்கும். அதற்கும் கீழே காய்ந்துவிட்டால் உமியோடு அரிசியும் உடைந்து குருணையாகும். மலையில் அறுவடை சமயத்தில் காலை முழுக்கப் பனி இறங்கும். ஆகவே மாலையில் காய்ந்த தானியத்தைக் கூட்டி மூடாவிட்டால் மறுநாள் காலை பழைய நிலைமைக்கே வந்துவிடும். ஈரமானி இல்லாதபோது ஒரு பழைய வழி உண்டு: நன்றாகக் காய்ந்த உப்பையும் தானியத்தையும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் குலுக்கிக் கொஞ்ச நேரம் வைப்பது. உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. ஒட்டவில்லை என்றால் மூட்டையில் வைக்கலாம், அவ்வளவுதான். அரைக்கத் தயார் என்று பொருள் இல்லை. அரைக்கும் பதத்தைப் பல் சொல்லும். கடித்தால் நசுங்காமல் 'டக்'கென்று முறிய வேண்டும். மூட்டை கணக்கில் வேலை செய்யும் இடத்தில் பல்லை நம்பி இருக்கக் கூடாது. ஈரமானி ஒன்று வாங்கிவிட வேண்டும். விவசாயிக்கும் கொள்முதல் செய்பவருக்கும் நடுவே சண்டை வராமல் காப்பதும் அதுதான்.

வரகில் ஈரத்துக்கு இன்னொரு முகம் உண்டு. கதிர் முற்றும் நேரத்தில் மழையில் நனைந்தால் பூஞ்சை பிடித்து வரகு நஞ்சாகும். சாப்பிட்டவருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வரும். கிராமங்களில் இதற்குக் கிறுக்கு வரகு என்றே பெயர். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் இறந்தது இப்படிக் கெட்ட வரகை மேய்ந்ததால்தான் என்று ஆய்வில் தெரிந்தது. மழையில் மாட்டிய வரகை நல்ல வரகோடு கலந்து சமாளித்துவிடலாம் என்ற எண்ணமே வரக் கூடாது. மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது. அந்த விவசாயிக்கு இழப்பீடாக ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால்தான் கெட்ட மூட்டையை அவர் மறைக்காமல் காட்டுவார். உணவுப் பாதுகாப்பும் நியாயமும் இங்கே ஒன்றாகவே நிற்கின்றன.

உமி நீக்கும் இயந்திரத்துக்கு ஹல்லர் என்று பெயர். அதில் பல வகை உண்டு. எமரி என்னும் சொரசொரப்பான கல் வைத்தது உமியோடு தவிட்டையும் சுரண்டிவிடும். ரப்பர் ரோலர் இரண்டு உருளைகளும் வெவ்வேறு வேகத்தில் சுற்றி உமியை உரிக்கும். இடைவெளி மணிக்குப் பொருந்தினால் அருமையாக வேலை செய்யும், பொருந்தாவிட்டால் நசுக்கும். இப்போது அதிகம் புழங்குவது, வேகமாகச் சுழலும் தட்டு தானியத்தைச் சுவரில் வீசி மோதவைக்கும் வகை. மோதிய வேகத்தில் உமி பிளக்கும். எந்த வகையானாலும் ஒரே அளவு மணிக்குத்தான் ஒரே அமைப்பு பொருந்தும். ஆகவே அரைக்கும் முன் பெரிது, நடுத்தரம், சிறிது என்று சலித்துப் பிரித்துத் தனித்தனியாக ஓட்ட வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டிப் போவதால் வரும் நட்டம் பெரிது. பெரிய மணிக்கு வைத்த வேகத்தில் சிறியது உரியாமல் வரும். அதை உரிக்க வேகத்தைக் கூட்டினால் பெரியது நொறுங்கும். ஒரே தடவையில் முழுக்க உரிக்கவேண்டும் என்ற ஆசையை விட்டுவிடலாம். முதல் சுற்றில் முக்கால் பங்கு உரிந்தால் போதும். உமியை ஊதித் தள்ளி, உரியாததைச் சலித்தெடுத்து, மறுபடி விடுவதே குருணையைக் குறைக்கும் வழி.

மில்லின் உயிர் குருணைக் கணக்கில் இருக்கிறது. ஒரு கணக்குக்காக, 100 கிலோ சாமையைக் கிலோ 40 ரூபாய்க்கு வாங்கி, அரைப்பு, வண்டி, பை எல்லாமாக 1,000 ரூபாய் செலவானதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 5,000 ரூபாய். 65 கிலோ அரிசி தேறினால் ஒரு கிலோவின் அடக்கம் 77 ரூபாய். 55 கிலோ தேறினால் 91 ரூபாய். இந்த 14 ரூபாயை யாராவது சுமக்க வேண்டும். வாங்குபவர் சுமக்கமாட்டார், அவருக்குக் கடையில் விலை தெரியும். கடைசியில் அடுத்த பருவத்தில் விவசாயிக்குக் கொடுக்கும் 40 ரூபாய்தான் குறையும். நியாய விலை என்பது கூட்டத்தில் தீர்மானம் போட்டு வருவதில்லை. சல்லடையையும் வேகத்தையும் சரியாக வைத்த கையிலிருந்து வருகிறது.

அந்தக் கை பெரும்பாலும் பெண்ணின் கை. மகளிர் குழுவுக்கு மில் கொடுத்தோம் என்று படம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் தானியம் கொட்டும் வாய் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறது. 50 கிலோ மூட்டையை அதற்கு மேல் தூக்க ஓர் ஆண் கூலியாள் தேவை. அவர் வராத நாளில் மில் ஓடாது. மூட்டையை 25 கிலோவாக மாற்றுவது, தரையோடு ஒரு குழி வைத்து, அதிலிருந்து தானியத்தை வாளி வாளியாக மேலே கொண்டுபோகும் ஏற்றியைப் பொருத்துவது, இல்லையென்றால் திடமான இரண்டு படி மேடை கட்டுவது, இவற்றில் ஒன்றாவது வேண்டும். உமித் தூசு இன்னொன்று. சாமை உமி கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும். வருடக்கணக்கில் மூச்சில் போனால் நெஞ்சைக் கெடுக்கும். ஊதும் காற்றுக் குழாயைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய்ச் சைக்ளோன் எனப்படும் தூசு பிடிக்கும் கூம்பில் முடிக்க வேண்டும். சன்னலுக்கு வெளியே ஊதினால் காற்று திரும்பிய நாளில் எல்லாம் உள்ளே வரும்.

மின்சாரத்தை முதலிலேயே பார்க்க வேண்டும். மலைக் கிராமங்கள் பலவற்றில் மும்முனை இணைப்பு இருக்காது. ஒருமுனையில் ஓடும் சிறிய மோட்டார்தான் வழி. மாலையில் வோல்டேஜ் இறங்கினால் சுழல்தட்டின் வேகம் குறையும், உமி நீங்காத மணி கூடும். காலையில் நன்றாக அரைத்த இயந்திரம் சாயங்காலம் கெட்டுப்போனதாகத் தோன்றும். மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் வோல்டேஜையும் பெல்ட்டின் இறுக்கத்தையும் பார்த்தால் பாதித் தொல்லை தீரும்.

சாமை உமியோடு இருந்தால் குதிரில் வருடக்கணக்கில் கெடாது. பஞ்சம் தாங்கும் தானியம் என்று பெயர் வாங்கியது இதனால்தான். உமி நீங்கிய கணத்திலிருந்து தவிட்டிலுள்ள எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை பிடிக்கத் தொடங்கும். இரண்டு மூன்று மாதத்தில் கசக்கும். இதைத் தடுக்கப் பெரிய ஆலைகள் தவிட்டை முழுக்கத் தீட்டி வெள்ளையாக்குகின்றன. கடையில் பளிச்சென்று இருக்கும், நாள்பட இருக்கும். நார்ச்சத்துக்காக வாங்கியவர் நார்ச்சத்து போன அரிசியை வீட்டுக்குக் கொண்டுபோவார். உள்ளூர் மில்லால் இதைச் சரிசெய்ய முடியும்: தானியமாகவே சேமித்து, வாராவாரம் ஆர்டருக்கு ஏற்ப அரைத்து, பையில் அரைத்த தேதியைப் போட்டுக் கொடுப்பது. தமிழ்நாட்டுத் தானியம் நாசிக் ஆலைகளுக்குப் போய் அரிசியாகித் திரும்பி வரும் பாதையில் இது முடியாது. தூரம் அதிகமானால் தீட்டுவதும் அதிகமாகும்.

உள்ளூர் மில்கள் மூடிக்கிடப்பதையும் பார்க்கிறோம். பெரும்பாலும் இயந்திரம் நன்றாகத்தான் இருக்கும். மணிக்கு 100 கிலோ, நாளுக்கு 6 மணி நேரம், வருடத்தில் 100 நாள் ஓடினால் 60 டன். மானாவாரிச் சாமை ஏக்கருக்கு 350 கிலோ விளைந்தால் இதற்கு 170 ஏக்கருக்கு மேல் வேண்டும். ஒரு கிராமத்தால் முடியாது. பத்துப் பதினைந்து ஊர்கள் சேர வேண்டும். அந்த 60 டன்னைக் கிலோ 40 ரூபாய்க்கு வாங்க 24 லட்சம் ரூபாய் கையில் இருக்க வேண்டும், அதுவும் அறுவடை நடக்கும் ஆறேழு வாரத்துக்குள். இப்படிப்பட்ட மில்லை விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாக நடத்தலாம். ஆனால் 2020-இல் மத்திய அரசு தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தில் பங்கு மூலதனத்துக்கு ஈடாகக் கிடைக்கும் மானியமே ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 15 லட்சம்தான். வியாபாரியோ விதைக்கும்போதே முன்பணம் கொடுத்திருப்பார். வள்ளம் என்னும் அளவுப் பாத்திரத்தில் குவித்து அளந்து வாங்கிப்போவார். விவசாயி அவரிடம் போவது அறியாமையால் அல்ல. காசு அன்றைக்கே கிடைக்கிறது. நிறுவனம் மூன்று மாதம் கழித்துக் கூடுதலாகத் தருவதைவிடப் பாதிப் பணத்தையாவது களத்திலேயே எடை போட்டுக் கொடுத்துவிட்டு, மீதியை விற்றபின் தருவது நடக்கக்கூடிய ஏற்பாடு. எந்தத் தேதியில் எவ்வளவு என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்களுக்கு இதில் ஒரு விஷயத்தில் உறுதியான கருத்து உண்டு. மில் முதலில் விளைவித்தவரின் பானைக்கு ஓட வேண்டும். சந்தைக்கு மட்டும் ஓடும் மில்லால், சாமை விளைவிக்கும் குடும்பம் சாமையை நகரத்துக்கு அனுப்பிவிட்டு ரேஷன் அரிசியையே தின்னும். வருமானம் கொஞ்சம் கூடலாம். அடுத்த வருடம் நகரத்தில் விலை விழுந்தால் பயிரும் போய்விடும். வீட்டில் தின்னும் பழக்கம் இருக்கும் பயிரை விலை வீழ்ச்சி அழிப்பதில்லை. வாரத்தில் ஒரு நாள், சந்தை கூடும் நாளாக இருந்தால் நல்லது, ஐந்து கிலோ பத்துக் கிலோ கொண்டுவருபவர்களுக்குக் கூலிக்கு அரைத்துக் கொடுக்க வேண்டும். சின்னச் சின்னதாக அரைப்பது மில்காரருக்குத் தொல்லைதான். ஒவ்வொருவர் தானியத்துக்கும் நடுவே இயந்திரத்தைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் மல்லியச்சாமை இன்னொருவர் பெருஞ்சாமையோடு கலந்துவிடும். ஒரே ரகம் கொண்டுவருபவர்களை அடுத்தடுத்து நிறுத்தினால் நேரம் மிச்சமாகும். குருணையும் தவிடும் அவர்களுக்கே போக வேண்டும். குருணை கஞ்சிக்கு ஆகும், தவிடு அன்றைக்கே மாட்டுக்கு ஆகும். உமியை மில் வைத்துக்கொள்ளலாம்.

ஐப்பசிக்குள் செய்துவைக்க வேண்டியவை சில உண்டு. மோதுசுவரின் உள்பட்டை தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ஒரு ஜோடி பெல்ட்டும் பேரிங்கும் கையிருப்பில் இருக்க வேண்டும். அறுவடை நடுவே பாகம் தேடிக் கோயம்புத்தூர் போனால் நான்கு நாள் போய்விடும், மூட்டை வியாபாரியிடம் போய்விடும். சல்லடைகளைக் கழற்றி, எலி கடித்த இடம் பார்த்து, ஓட்டைகளில் அடைத்த மணியைத் தட்டி எடுக்க வேண்டும். தராசுக்கு முத்திரை வாங்கி வாசலில், எல்லோர் கண்ணுக்கும் எண் தெரிகிற பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும்.