சாம்பல் கோழி அடைக்கு உட்கார்ந்தது

பர்மாவின் மோல்மீனில் மழை பிடித்துக்கொண்ட வாரத்தில்தான் எங்கள் சாம்பல் கோழி அடைக்கு உட்கார்ந்தது. தண்ணீரில் முக்கினால் அடை தெளிந்துவிடும் என்றார் அம்மா. எனக்கு மனசு வரவில்லை. சரி, உட்காரட்டும்.

மூங்கில் கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, சேர்த்து வைத்திருந்த 11 முட்டைகளையும் இருட்டிய பிறகு ஒரே நேரத்தில் வைத்தேன். நாளுக்கு ஒன்றாக வைத்தால் முதல் குஞ்சுகள் வந்ததும் தாய் மிச்சத்தை விட்டு எழுந்துவிடும். இடியில் முட்டை கெட்டுவிடும் என்று பயந்து அம்மா ஓர் அடுப்புக்கரித் துண்டையும் கூடையில் போட்டார். எனக்கு நம்பிக்கையில்லை, ஆனால் எடுக்கவும் இல்லை.

7ஆம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது எட்டில் சிலந்திக் கால் மாதிரி சிவப்பு நரம்புகள் ஓடின. மற்ற மூன்றும் கூமுட்டை. கோழி நாளுக்கு ஒரு தடவைதான் இறங்கும், நொய்யை அள்ளி விழுங்கி, நாறும் எச்சத்தைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

கடைசி மூன்று நாள் கூடையைத் தொடவில்லை. 21ஆம் நாள் விடிவதற்குள் ஏழு குஞ்சுகள். எட்டாவது, ஓட்டில் ஓட்டை போட்டபடியே கிடந்தது. உரித்துவிடக் கை பரபரத்தது, அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கசியும் என்பதால் விட்டுவிட்டேன். மத்தியானம் அதுவும் ஈரத்தோடு தாயின் இறக்கைக்கடியில் நுழைந்துகொண்டது.